ஜாய்ஸ்டிக்குக்குள் ஒரு கமடோர் 64: டிடிவியின் நிகழ்வு ஆய்வு

2004ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவின் கியூவிசி டிவி விற்பனைச் சேனலில் ஒரு ஜாய்ஸ்டிக் விற்பனைக்கு வந்தது. விலை ஏறத்தாழ 30 டாலர். நான்கு பென்டார்ச் பேட்டரி போட்டு, மஞ்சள் பின்னையும் வெள்ளைப் பின்னையும் டிவியில் செருகினால், கமடோர் 64 கம்ப்யூட்டரின் 30 விளையாட்டுகள் திரையில் வந்துவிடும். முதல் தயாரிப்புத் தொகுதி முழுவதையும் கியூவிசியே வாங்கியது. முதல் நாளிலேயே 70,000 விற்றுப்போனது. பொம்மையின் பெயர் சி64 டைரக்ட்-டு-டிவி, சுருக்கமாக டிடிவி.

அந்தக் காலத்தில் இந்த வகைப் பொம்மைகள் கடை கடையாகக் குவிந்து கிடந்தன. அவற்றில் டிடிவியைத் தனியாக எடுத்து ஆராய ஒரு காரணம் உண்டு. பெரும்பாலானவை பழைய விளையாட்டின் தோற்றத்தைத்தான் பிரதி எடுத்தன. டிடிவி, விளையாட்டு ஓடிய இயந்திரத்தையே ஒரே சிப்பில் மறுபடி கட்டியது. அதன் பலன், குறை, பழுது, பிற்பாடு ஆர்வலர்கள் அதில் செய்த வேலை எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்துதான் கிளம்புகின்றன.

மற்றவர்கள் போன வழி

செருகி ஆடும் பொம்மைக்குள் பழைய விளையாட்டைக் கொண்டுவர அன்று மூன்று வழிகள் இருந்தன.

மலிவானது, நிண்டெண்டோவின் என்இஎஸ் கருவியை ஒரே சிப்பில் நகலெடுத்த சில்லு. தமிழ்நாட்டில் 1990களிலும் அதற்குப் பின்னும் ‘9999 இன் 1’ என்று அட்டை ஒட்டி விற்ற டிவி கேம் பெட்டிகளுக்குள் இருந்ததும் இதே குடும்பத்துச் சிப்தான். ஜாக்ஸ் பசிபிக் என்ற பொம்மை நிறுவனம் 2002இல் விட்ட அட்டாரி 10-இன்-1 ஜாய்ஸ்டிக்கும், 2004இல் வந்த முதல் அட்டாரி ஃபிளாஷ்பேக்கும் இந்த வழியில் செய்தவை. இதில் அட்டாரியின் நிரல் ஓடாது. ஒவ்வொரு விளையாட்டையும் என்இஎஸ்ஸுக்காகப் புதிதாக எழுத வேண்டும். அட்டாரி 2600 என்ற பழைய டிவி விளையாட்டுக் கருவியின் வீடியோ சிப் திரையை வரி வரியாக வரையும். ஒவ்வொரு வரியிலும் நிறத்தை மாற்ற நிரலுக்கு இடம் கொடுக்கும். 128 நிறம் தரும். என்இஎஸ்ஸோ கட்டம் கட்டமாக, ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட நிறங்களில் வரைகிறது. அட்டாரியில் வானம் அடுக்கடுக்காக நிறம் மாறும் இடத்தில் நகலில் தட்டையான ஒரு பட்டை நிற்கும். ஒலியும் வேறு. பழைய விளையாட்டில் கை பழகியவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டாவது, பொம்மைக்கென்றே வந்த 16-பிட் சிப்பில் திரும்ப எழுதுவது. ஜாக்ஸின் நாம்கோ வரிசை இந்த ரகம். மிஸ் பேக்-மேன் கருவியில் குச்சியைத் திருகினால் போல் பொசிஷன் கார் திரும்பும், அருமையான யோசனை. உள்ளே ஓடுவது மட்டும் மறு எழுத்து.

மூன்றாவது, பழைய சிப்களின் தர்க்கத்தை அப்படியே புதிய சிப்பில் வரைவது. 2005இல் கர்ட் வெண்டல் வடிவமைத்த அட்டாரி ஃபிளாஷ்பேக் 2 இதைச் செய்தது. அதற்கு ஓராண்டு முன்னரே செய்தது டிடிவி.

சிப்

வடிவமைத்தவர் ஜெரி எல்ஸ்வொர்த். மின்னணுவியலைத் தாமே கற்றவர். இதற்கு முன் சி-ஒன் என்ற போர்டை உருவாக்கியிருந்தார். அது எஃப்பிஜிஏ சிப்களை (உள் தர்க்கத்தைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதக்கூடியவை) வைத்து, தேவைக்கேற்பப் பழைய கம்ப்யூட்டராக உருமாறக்கூடியது. கமடோர் நிறுவனம் 1994லேயே திவாலாகிவிட்டது. பெயருரிமை அப்போது டச்சு நிறுவனமான டியூலிப்பிடம் இருந்தது. பொம்மையை மாமத் டாய்ஸ் கொண்டுவந்தது.

1982இல் 595 டாலருக்கு வந்த கமடோர் 64இல் முக்கியமான சிப்கள் நான்கு வகை. 6502 வழிவந்த 6510 செயலி. 16 நிறமும் 8 ஸ்பிரைட்டும் (பின்னணி மேல் தனியே நகரும் சிறு படம்) தரும் விக்-2 வீடியோ சிப். மூன்று குரல் கொண்ட சிட் ஒலிச் சிப். விசைப்பலகை, ஜாய்ஸ்டிக், நேரக் கணக்கு ஆகியவற்றைப் பார்க்கும் இரண்டு சிஐஏ சிப்கள். இத்தனையும் டிடிவியில் ஒரே ஏசிக்கில், அதாவது ஒரு வேலைக்கென்றே தனியாகச் செய்யும் சிப்பில், அடங்கின. அதோடு 128 கிலோபைட் ரேம், விளையாட்டுகள் பதிந்த 2 மெகாபைட் ரோம். சிப்பின் உள் ஓட்டம் 32 மெகாஹெர்ட்ஸ் அளவு. மென்பொருளின் கண்ணுக்கு மட்டும் அது பழைய 1 மெகாஹெர்ட்ஸ் கமடோராகவே தெரியும்.

எஃப்பிஜிஏவில் ஒரு பிழை தெரிந்தால் கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்றலாம். ஏசிக்கில் அது முடியாது. சிப்பின் வரைபடத்தை அச்சிடும் ஒளிமறைப்புத் தகடு செய்து சிப் ஆலைக்குப் போன பிறகு பிழையும் லட்சக்கணக்கில் அச்சாகிவிடும். அப்படியிருந்தும் ஏசிக் ஏன் என்றால், 30 டாலர் பொம்மைக்குள் அன்றைய எஃப்பிஜிஏவின் விலை அடங்காது. தொடக்கச் செலவு அதிகம், ஒவ்வொரு சிப்பின் விலை சொற்பம். எண்ணிக்கை பெரிதாக இருந்தால்தான் கணக்கு நேராகும். முதல் தொகுதியை ஒரே சேனல் மொத்தமாக எடுத்துக்கொண்டது இந்தக் கணக்குக்குப் பெரிய துணை.

விளையாட்டுகள் பெரும்பாலும் எபிக்ஸ், ஹியூசன் என்ற இரு நிறுவனங்களின் பழைய உரிமைகளிலிருந்து வந்தவை: இம்பாசிபிள் மிஷன், ஜம்ப்மேன் ஜூனியர், பிட்ஸ்டாப், யூரிடியம், பாராடிராய்டு, சைபர்நாய்டு. பிரிட்டனில் எழுதிய ஹியூசன் விளையாட்டுகள் பால் (PAL) என்ற ஐரோப்பிய டிவி முறைக்காகப் பிறந்தவை. பால் கமடோரில் ஒரு சட்டகத்துக்கு, அதாவது திரையின் ஒரு முழுப் படத்துக்கு, 312 வரி, வரிக்கு 63 கடிகாரச் சுழற்சி, ஆக 19,656 சுழற்சி கிடைக்கும். அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியில் 263 வரி, வரிக்கு 65, மொத்தம் 17,095தான். சட்டகத்துக்கு 13 சதவீதம் குறைந்த நேரம், ஆனால் நொடிக்கு 50க்குப் பதில் 60 சட்டகம். திரை முழுவதும் வேகமாக நகரும் விளையாட்டு இந்த நெருக்கடியில் திணறும், இல்லாவிட்டால் பாட்டு வேகமெடுக்கும். அசல் இயந்திரத்தையே கட்டினால் அசலின் இந்தத் தலைவலியும் கூடவே வந்து சேரும்.

சேராமல் விட்ட ஒன்று சிட்டின் வடிகட்டி, அதாவது ஒலியின் தொனியைச் செதுக்கும் பகுதி. அசல் 6581 சிப்பில் அது அனலாக் சுற்று. வெளியே இரண்டு கெப்பாசிட்டர் வைத்து இயங்கும். ஒரு சிப்பிலிருந்து மறு சிப்புக்குக்கூட ஒலி மாறும். டிஜிட்டல் தர்க்கத்தில் அதைப் பிடிப்பது எளிதில்லை. டிடிவியில் வடிகட்டி கிடையாது. குரல், அலைவடிவம், தாளம் சரியாக இருக்கும். அடித்தொனி மட்டும் மெல்ல மூடித் திறக்கும் அந்த உருளல் இல்லாமல் ஒலி சற்று வெளிறிக் கேட்கும். கமடோர் இசையை உயிராகக் கருதுகிறவர்களுக்கு இது பெரிய இழப்பு. ஆடுகிறவருக்கு அவ்வளவாகத் தட்டாது.

கருவியைப் போட்டதும் கமடோரின் நீலத் திரை வந்து, தானே ‘லோடு’ என்று தட்டுவதுபோல ஓடும். அப்போது குச்சியை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டினால் மெனுவுக்குப் போகாமல் பேசிக் நிரல்மொழித் திரைக்கு வந்துவிடலாம். பொம்மைக்குள் முழுக் கம்ப்யூட்டரும் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஐரோப்பியப் பதிப்பில் நிறம் கெட்ட கதை

2005இல் பால் முறைப் பதிப்பு வந்தது. ஆர்வலர்கள் அதை டிடிவி2 என்பார்கள். சிப் நன்றாக வளர்ந்திருந்தது: 2 மெகாபைட் ரேம், ரோமுக்குப் பதிலாகத் திரும்ப எழுதக்கூடிய 2 மெகாபைட் ஃபிளாஷ், 256 நிறம், படத் துண்டுகளை நினைவகத்தில் வேகமாக நகர்த்தும் பிளிட்டர். இவ்வளவும் இருந்தும் திரையில் நிறம் கெட்டிருந்தது. குற்றம் சிப்பில் இல்லை. பலகையில் வைத்த ரெசிஸ்டர்களில் (மின்தடைகளில்).

டிடிவி ஒளியளவை 4 பிட்டாகவும் நிறத்தை 4 பிட்டாகவும் தனித்தனியே வெளியே தருகிறது. 16 ஒளியளவும் 16 நிறமும் பெருக்கினால் 256. இந்த எண்களை மின்னழுத்தமாக மாற்ற ஆர்–2ஆர் ஏணி என்ற எளிய அமைப்பு இருக்கிறது. ஏணியின் நெடுக்கில் ஆர் மதிப்பு, ஒவ்வொரு பிட்டிலிருந்தும் வரும் படியில் அதன் இரட்டிப்பான 2ஆர் மதிப்பு, அடியில் தரையோடு சேரும் இடத்தில் இன்னொரு 2ஆர். இந்த விகிதம் சரியாக இருந்தால் மேல் பிட்டுக்கு வெளியீட்டில் 1/2 பங்கு, அடுத்ததற்கு 1/4, பிறகு 1/8, 1/16. படிகள் ஒரே உயரம்.

பால் பலகையில் இரண்டு மதிப்புகளும் இடம் மாறிப்போயின. ஒளி ஏணியிலும் நிற ஏணியிலும் ஒரே தவறு. படியில் ஆர், நெடுக்கில் 2ஆர் என்று முழுதாக மாற்றி வைத்துக் கணக்குப் போட்டால், மேல் பிட்டின் பங்கு 0.50இலிருந்து 0.73 ஆகிவிடும். அடுத்தது 0.20, மூன்றாவது 0.05, கடைசி 0.01. விளைவைத் திரையில் வைத்துப் பாருங்கள். 0 முதல் 7 வரையிலான அளவுகள் எல்லாம் 0.26க்குக் கீழே நசுங்கிக் கிடக்கும். 8 என்றதும் ஒரே தாவலில் 0.73க்குப் போய்விடும். நடுத்தர ஒளி என்ற ஒன்றே இருக்காது. கமடோரின் பழுப்பு, சாம்பல், ஊதா எல்லாம் அந்த நடுப்பகுதியில் வாழும் நிறங்கள். ஒரு பக்கம் இருட்டோடு சேரும், மறுபக்கம் வெளுத்துவிடும்.

அத்தனை சிக்கலான சிப் நிறத்தைச் சரியாகத் தர, காசுக்குப் பல கிடைக்கும் ரெசிஸ்டர் படத்தைக் கெடுத்தது. பொருள் தயாரிப்பில் இருப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். பொருத்துப் பட்டியலில் இரண்டு மதிப்பு இடம் மாறினால் பலகை பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும்; மின்சாரம் ஏறும்; படம் வரும்; விளையாட்டும் ஓடும். ‘படம் வருகிறதா’ என்று மட்டும் பார்க்கும் சோதனையில் இது தேறிவிடும். 16 ஒளியளவையும் பட்டைகளாகக் காட்டும் ஒரே ஒரு சோதனைத் திரை, சரியாக ஓடும் மாதிரிக் கருவி ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் முதல் பத்துப் பலகைக்குள் அகப்பட்டிருக்கும்.

சரிசெய்ய முடியும், பொறுமை வேண்டும். முதலில் மின்சாரத்தை எடுத்துவிட்டு, ஏணியில் எந்த இடத்தில் எந்த மதிப்பு இருக்கிறது என்று தாளில் வரைந்துகொள்ளுங்கள். பரப்பில் ஒட்டிய ரெசிஸ்டரின் முதுகில் எண் இருக்கும். பலகையிலேயே மீட்டர் வைத்து அளந்தால் பக்கத்துப் பாதைகளும் கணக்கில் சேர்ந்து குறைவாகக் காட்டும் என்பதால் எண்ணையே நம்புங்கள். கழற்றியதையே இடம் மாற்றி வைத்துவிடலாம் என்று நினைத்தால் எண்ணிக்கை ஒத்துவராது: பாடநூல் ஏணியில் 4 பிட்டுக்கு 2ஆர் ஐந்து, ஆர் மூன்று. இடம் மாறிய பலகையில் இது தலைகீழாக இருக்கும். ஆகவே 1 சதவீதத் துல்லியத்தில் புதிதாக வாங்கிவிடுவது நல்லது. 2ஆர் கிடைக்காவிட்டால் இரண்டு ஆரைத் தொடராகச் சேர்க்கலாம்; பரப்புப் பலகையில் அது அழகாக வராது. ஒரு ஏணியை முடித்து, படம் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் பிரித்துப்போட்டு, பிறகு படம் வராவிட்டால் எங்கே தேடுவது?

ஒளியும் நிறமும் தனித்தனி ஏணியில் வருவதால் இன்னொரு வசதி உண்டு. இரண்டும் கலந்து மஞ்சள் பின்னுக்குப் போகும் முன் தனியே எடுத்து எஸ்-வீடியோ இணைப்பு கொடுத்துவிடலாம். எழுத்தின் விளிம்பில் ஊர்ந்துகொண்டிருக்கும் நிறப் புழுக்கள் மறைந்துவிடும்.

பிளிட்டரிலும் ஒரு பிழை இருந்தது. அதைத் திருத்திய சிப்புடன் வந்தது டிடிவி3. இதே குடும்பத்துச் சிப்பைப் போட்டு, ஸ்டியரிங் வடிவில் ஹம்மர் என்ற கார்ப் பந்தயப் பொம்மையும் அமெரிக்காவில் ரேடியோஷாக் கடைகளில் 2005இல் வந்தது. விளையாட்டாக அது சுமார்தான். டிடிவி2 சிப்பை என்டிஎஸ்சியில் தேடியவர்கள் அதை வாங்கி உடைத்தார்கள்.

விட்டுவைத்த புள்ளிகள்

எல்ஸ்வொர்த் வேண்டுமென்றே செய்த நல்ல காரியம், விசைப்பலகைக்கும் டிஸ்க் டிரைவுக்கும் உரிய இணைப்புகளைப் பலகையில் சால்டர் புள்ளிகளாக விட்டுவைத்தது. பொம்மை நிறுவனத்துக்கு இதில் கூடுதல் செலவு இல்லை. பொம்மையைக் கம்ப்யூட்டராக்க நினைப்பவருக்கு வாசல் திறந்தே கிடந்தது.

விசைப்பலகை பழைய பி.எஸ்/2 வகை. யுஎஸ்பி விசைப்பலகை நேரடியாக ஓடாது. அடாப்டர் போட்டாலும் பி.எஸ்/2 மொழி தெரிந்த விசைப்பலகையாக இருந்தால்தான் ஓடும். ஆறு கால் வட்டச் செருகியில் 1 தரவு, 3 தரை, 4 ஐந்து வோல்ட், 5 கடிகாரம்; 2உம் 6உம் காலி. நான்கு கம்பிதான். ஆண் செருகியைப் பார்த்த எண்ணும் பெண் செருகியைப் பார்த்த எண்ணும் கண்ணாடி பிம்பம்போல மாறும். அதிகம் பேர் சறுக்கும் இடம் அதுதான். மீட்டரில் தொடர்ச்சி பார்த்துக் குறித்துக்கொண்டு சால்டரை எடுங்கள்.

மின்சாரத்தில் கவனம். புதிய ஆல்கலைன் பேட்டரி நான்கு சேர்ந்தால் 6 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். விசைப்பலகை எதிர்பார்ப்பது 5 வோல்ட், 5.5ஐத் தாண்டக்கூடாது. எந்தப் புள்ளியிலிருந்து எடுக்கிறீர்களோ அதைக் கருவி ஓடும்போது அளந்து பார்த்துவிட்டு இணையுங்கள். ரீசார்ஜ் பேட்டரி நான்கு 4.8 வோல்ட் தரும். அழுத்தம் பரவாயில்லை, ஆனால் பழைய விசைப்பலகைகள் நிறைய மின்னோட்டம் இழுக்கும். அழுத்தம் சரிந்து கருவி தானாக மறுபடி தொடங்குவது, எழுத்து இரண்டு முறை விழுவது, படம் ஒரு கணம் மங்குவது எல்லாம் இதன் அறிகுறி. நிரந்தரமாக மேசையில் வைக்கப்போகிறவர் பேட்டரியை விட்டுவிட்டு, 1 ஆம்பியர் தரும் நிலைப்படுத்திய 5 வோல்ட் அடாப்டர் வைத்துக்கொள்ளட்டும். அடாப்டர் போட்ட பிறகு பேட்டரியைப் பெட்டியில் விட்டுவைக்காதீர்கள். ஒன்றுக்குள் ஒன்று மின்சாரம் பாயும்.

டிஸ்க் டிரைவ், கமடோரின் 1541. அதன் ஆறு கால் டின் செருகியில் 2 தரை, 3 ஏடிஎன் (டிரைவைக் கவனிக்கச் சொல்லும் கம்பி), 4 கடிகாரம், 5 தரவு. இந்த நான்கும் போதும். டிரைவுக்குத் தனி மின்சாரம் உண்டு. கம்பி ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். டிரைவின் விளக்கு எரிந்து, தலை நகராமல் ‘சாதனம் இல்லை’ என்ற செய்தி வந்தால் முதலில் ஏடிஎன் கம்பியைப் பாருங்கள். பட்டியல் வருகிறது, விளையாட்டு பாதியில் நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி வேக ஏற்றி. அது ஒவ்வொரு சுழற்சியையும் எண்ணி வேலை செய்யும் நிரல். நேரம் இம்மியளவு மாறினாலும் குழம்பிவிடும். வேக ஏற்றி இல்லாத பிரதியில் முயன்றால் மெதுவாக, ஆனால் முழுதாக ஏறும்.

டிடிவி2இன் ஃபிளாஷில் விளையாட்டை மாற்றி எழுதலாம் என்பதால் பலர் அங்கே கை வைத்தார்கள். துவக்க நிரலும் அதே ஃபிளாஷில்தான் இருக்கிறது. எழுதும் நடுவில் பேட்டரி தீர்ந்தால் அடுத்த முறை கருவி எழுந்திருக்காது. 2 மெகாபைட்டையும் முதலில் நகல் எடுத்து, இரண்டு முறை எடுத்து ஒப்பிட்டு, அடாப்டர் மின்சாரத்தில் மட்டும் எழுதுங்கள். முதல் அமெரிக்கப் பதிப்பில் இருப்பது ரோம். இந்த ஆபத்தும் இல்லை, வாய்ப்பும் இல்லை.

இன்று ஒன்று கையில் கிடைத்தால்

பழைய சாமானில் வாங்குகிறவர் முதலில் பேட்டரி அறையைத் திறக்கச் சொல்லுங்கள். வெண்மையாக உப்புப் பூத்திருந்தால் ஆல்கலைன் கசிந்திருக்கிறது. அது காரம், வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடைத்தால் நுரைத்து அடங்கும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும். ஸ்பிரிங்கோடு நின்றிருந்தால் பிழைத்தது. கம்பிக்குள் கருப்பு ஏறிப் பலகைவரை போயிருந்தால் அந்தக் கம்பியையே மாற்ற வேண்டும். கருத்த செம்பில் சால்டர் ஒட்டாது.

படம் விட்டுவிட்டு வந்தால் ஏவி கம்பி கருவிக்குள் நுழையும் இடத்தில் வளைத்துப் பாருங்கள். உள்ளே இழை அறுந்திருப்பது சகஜம். பத்துச் சென்டிமீட்டர் வெட்டித் தள்ளிவிட்டு மறுபடி சால்டர் வைத்தால் தீரும். இந்த முறை உள்பக்கம் ஒரு முடிச்சோ கேபிள் டையோ போட்டுவிடுங்கள். பலகையில் கருப்பு எபாக்ஸி சொட்டாக மூடிய சிப் போயிருந்தால் மட்டும் வழி கிடையாது. அந்தப் பலகையை உதிரிக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

டிவி பக்கத்திலும் சிக்கல் உண்டு. அமெரிக்கப் பதிப்பைப் பால் மட்டும் தெரிந்த பழைய டிவியில் போட்டால் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும். இன்றைய தட்டை டிவிகள் பொதுவாக இரண்டு முறையும் ஏற்கும். ஆனால் கமடோர் தரும் இடைப்பின்னல் இல்லாத படத்தை இடைப்பின்னல் (ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறி மாறிக் காட்டும் முறை) என்று தவறாக எடுத்துக்கொள்வது உண்டு. அப்போது ஒரு சட்டகம் விட்டு ஒரு சட்டகம் மின்னும் ஸ்பிரைட் முழுதாகக் காணாமல் போகும், அல்லது சீப்புப் பல்லாகத் தெரியும். கூடவே டிவி படத்தைப் பதப்படுத்த எடுக்கும் நேரம் சேர்ந்து, குச்சி தாமதிப்பதுபோல இருக்கும். டிவியில் கேம் மோட் இருந்தால் போட்டுப் பாருங்கள். குழாய் டிவி வீட்டில் இருந்தால் அதுவே உத்தமம். யூரிடியத்தை அதில் ஆடும்போதுதான் கப்பல் கைக்கு அடங்கும்.

கருவியே கிடைக்காதவர்களுக்கு வைஸ் என்ற இலவச எமுலேட்டரில் (பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் மென்பொருளில்) டிடிவிக்கென்று தனி இயந்திரம் இருக்கிறது. 256 நிற முறையையும் பிளிட்டரையும் நிரலில் முயன்று பார்க்க அது போதும். ஃபிளாஷில் எழுதப்போகிற எதையும் முதலில் அங்கே ஓட்டிவிட்டு எழுதுங்கள். அங்கே நின்றுபோகும் நிரலைக் கருவியில் ஏற்றிப் பார்க்க வேண்டாம்.